பில் மெஷினா, பில் புத்தகமா?

விருதுநகர் ஏஜென்சி:
"கையில் பில் மெஷின் வந்த பிறகும் கார்பன் தாள் வைத்து எழுதுகிறவனுக்கு வியாபாரமே தெரியாது" என்று நேற்று 'கையடக்கம்' இங்கே எழுதியிருந்தார். 22 வருடமாக பிஸ்கட், சோப்பு ஏஜென்சி நடத்துகிறேன். எனக்கா வியாபாரம் தெரியாது? போன சித்திரையில், வேன் கடை கடையாகப் போகும் நான்கு லைனுக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். ஆடியில் பாக்கி கேட்கப் போனால், கடைக்காரர் கம்பியில் குத்தியிருந்த பில்லை உருவி நீட்டுகிறார். வெறும் வெள்ளைத் தாள். மை அழிந்துவிட்டது. "இதில் பாக்கி எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறார். 8,400 ரூபாய்! மறுநாளே பில் புத்தகம் அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன்.

கையடக்கம்:
மை அழியவில்லை அண்ணாச்சி. அதில் மையே கிடையாது. அது தெர்மல் தாள். மேலே பூசிய வேதிப்பொருள் சூடு பட்டுக் கறுக்கிறது. வெயில், எண்ணெய், பிளாஸ்டிக் உறை எது பட்டாலும் வெளுக்கும். இதுகூடத் தெரியாமல் நான்கு மெஷின் வாங்கியிருக்கிறீர்கள். வேனில் எத்தனை பெட்டி மிச்சம், எந்தக் கடை கடன் வரம்பைத் தாண்டியது, பன்னிரண்டுக்கு ஒன்று இலவசம் யாருக்குப் போனது எல்லாம் கடை வாசலிலேயே தெரிகிறதே, அதைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா?

விருதுநகர் ஏஜென்சி:
மையோ பூச்சோ, எழுத்து இருக்கிறதா இல்லையா? மளிகைக் கடையில் எண்ணெய் படாத கை எது? ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்கச் சொல்கிறது ஜிஎஸ்டி சட்டம். உங்கள் தாள் மூன்று மாதம் தாங்கவில்லை. 2009-இல் எழுதிய கார்பன் பிரதி என் பரணில் இருக்கிறது, இன்றும் படிக்கலாம்.

கையடக்கம்:
சட்டம் கேட்பது கணக்கை. அது கணினியில் பத்திரமாக இருக்கிறது. வேண்டும்போது மறுபடி அச்சடித்துக்கொள்ளுங்கள். மை என்று மட்டும் எழுதாதீர்கள்.

மளிகைக் கடைக்காரன்:
நீங்கள் மறுபடி அச்சடித்துக் கொண்டுவருவதை நான் ஏன் நம்ப வேண்டும்? கார்பன் பிரதியில் என் கையெழுத்து இருக்கும். இன்னொன்றையும் சொல்கிறேன். முன்பு சேல்ஸ்மேன் வந்தால் என் அலமாரியைப் பார்ப்பான், தீர்ந்த சரக்கை அவனே சொல்வான். இப்போது திரையைக் குனிந்து பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறான்.

பழைய நிரலர்:
கையெழுத்துதான் சிக்கல் என்றால் அது எப்போதோ தீர்ந்துவிட்டது. அமெரிக்காவில் யுபிஎஸ் பார்சல் நிறுவனம் 1991-இலேயே பார்சல் வாங்குகிறவரின் கையெழுத்தைக் கைக்கருவித் திரையில் வாங்கியது. ஃபெடெக்ஸ் கூரியர் ஊழியர்கள் கையில் 1986-இலேயே சூப்பர்டிராக்கர் என்ற கைக்கருவி வந்துவிட்டது. சிப்ஸ் விற்கும் ஃபிரிட்டோ-லே 1980-களிலேயே ஏறத்தாழ 10,000 விற்பனையாளர்களுக்குக் கைக்கணினி கொடுத்தது. பாம் பைலட் என்ற பிரபல கைக்கணினி வந்ததே 1996-இல்தான். நீங்கள் இப்போதுதான் தாளைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள்.

விருதுநகர் ஏஜென்சி:
அந்த ஊர்க் கடைக்காரன் என் கடைக்காரரைப் போலப் பாக்கி வைத்து, தீபாவளி கழித்துத் தருகிறேன் என்பானா? ஊரையும் ஆளையும் பார்த்துப் பேசுங்கள்.

கையடக்கம்:
நிரலர் ஐயா வந்துவிட்டாரா? சிம்ப்யூட்டர் என்ற கைக்கணினி கிராமத்தையே மாற்றிவிடும் என்று போன வருடம் எங்களுக்குப் பாடம் எடுத்தவர்தானே? எந்தக் கடையில் இருக்கிறது அந்த சிம்ப்யூட்டர்?

பழைய நிரலர்:
"மாற்றியிருக்கும்" என்று எழுதினேன், "மாற்றிவிடும்" என்று எழுதவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சேர்ந்து உருவாக்கிய கருவி அது. 2004-இல் விற்பனைக்கு வந்த அமிடா சிம்ப்யூட்டரில், கருவியைச் சாய்த்தாலே பக்கம் புரளும். ஐபோன் வந்தது 2007-இல். நம்மவர்கள் செய்ததை இப்படி இளக்காரமாகப் பேச உங்களால் எப்படி முடிகிறது?

கையடக்கம்:
விற்கவில்லை என்பதுதான் நான் சொன்னது. கைபேசியே பில் போடும் காலத்தில் பழம்பெருமை எதற்கு?

மளிகைக் கடைக்காரன்:
கைபேசி வேறு, மெஷின் வேறு. எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

விருதுநகர் ஏஜென்சி:
சிம்ப்யூட்டர் கிடக்கட்டும், என் 8,400 ரூபாய்க்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. கையடக்கம் தம்பி, நீங்கள் மெஷின் விற்கிற ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும். சந்தேகம் வேண்டாம் என்று நேற்று ஒரு பில்லை மாடியில் வெயிலில் வைத்தேன், பக்கத்தில் கார்பன் பிரதியையும் வைத்தேன். மாலையில் பார்த்தால் உங்கள் பில்லில் தொகை பாதி தெரியவில்லை.

கையடக்கம்:
விற்கிறேன், அதில் என்ன குற்றம்? 40 ஏஜென்சிகளுக்குக் கொடுத்திருக்கிறேன், தாளை மாடியில் காயப்போட்டவர் நீங்கள் ஒருவர்தான். ரிப்பன் போட்டு அச்சடிக்கும் சிறிய பிரிண்டரும் இருக்கிறது என்று வாங்கும்போதே சொன்னவன் நான். விலை அதிகம் என்று பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். இப்போது மை அழிந்தது என்று புலம்பல்.

விருதுநகர் ஏஜென்சி:
இப்போது நீங்களே மை என்று எழுதிவிட்டீர்கள்!

கையடக்கம்:
உங்கள் சொல்லைத்தான் எடுத்து எழுதினேன். தெர்மல் தாளில் மை இல்லை, இல்லவே இல்லை.

விருதுநகர் ஏஜென்சி:
அழிந்தது அழிந்ததுதான். நாளைக் காலை சாத்தூர் லைன் பில் புத்தகத்தோடுதான் புறப்படும். அந்த நான்கு மெஷினையும் யாராவது பாதி விலைக்குக் கேட்டால் சொல்லுங்கள்.

மளிகைக் கடைக்காரன்:
சார்ஜர் நான்கும் இருக்கிறதா?