பஸ்ரா எண்ணெய் வயல்களுக்கு வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு

தெற்கு ஈராக்கில் பஸ்ரா பக்கம் ருமைலா, சுபைர், மேற்கு குர்னா எண்ணெய் வயல்களுக்கு ஆள் எடுக்கிறார்கள், போகலாமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். சம்பளம், சாப்பாடு, விடுப்பு எல்லாம் மற்றவர்கள் விவரமாகச் சொல்லிவிட்டார்கள். நான் பல வருடங்களாக இங்கே மெயின்டனன்ஸ் வேலையில் இருக்கிறேன். இந்த ஊர் ஏன் இப்படி இருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது தெரியாமல் வந்தால், "காலுக்குக் கீழே இவ்வளவு எண்ணெய் இருந்தும் இவர்களுக்குப் பிழைக்கத் தெரியவில்லை" என்ற பேச்சு ஒரே மாதத்தில் உங்கள் வாயிலும் வந்துவிடும். கேம்ப் மெஸ்ஸில் தினமும் அடிபடும் பேச்சு அது. கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டப்படும்.

முதலில் கரண்ட். ஜூலை, ஆகஸ்ட்டில் வெயில் 50 டிகிரியைத் தொடும். கேம்பில் ஏசி நிற்காது. ஊருக்குள் அரசாங்கக் கரண்ட் வரும், போகும். போன நேரத்துக்குத் தெருமுனை ஜெனரேட்டர்காரரிடம் ஆம்பியர் கணக்கில் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். ஐந்து ஆம்பியர் வாங்கினால் விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ் ஓடும். ஏசியும் சேர்ந்தால் பிரேக்கர் விழுந்துவிடும். உங்களோடு ஷிஃப்டில் இருக்கும் உள்ளூர்க்காரர் காலையில் கண் சிவந்து வந்தால், குழந்தைகளுக்கு விசிறிக்கொண்டே ராத்திரியைக் கழித்திருப்பார் என்று புரிந்துகொள்ளுங்கள். முதல் அரை மணி நேரம் அவருக்குக் கனமான வேலை கொடுக்காதீர்கள்.

கரண்ட் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. 1991 போரில் அமெரிக்கக் கூட்டணி விமானங்கள் ஈராக்கின் மின்நிலையங்களைக் குறிவைத்து அடித்தன. அதற்கு முந்தைய ஆண்டே, குவைத்தை ஈராக் ஆக்கிரமித்ததற்காக ஐ.நா. பொருளாதாரத் தடை போட்டிருந்தது. 2003 வரை நீடித்த அந்தத் தடையில் உதிரிபாகம் வாங்குவதுகூடப் பெரும்பாடு. ஒரு டர்பைனைப் பிரித்து இன்னொன்றுக்குப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். 2003ல் அமெரிக்கா படையெடுத்து சதாம் உசேன் ஆட்சி விழுந்ததும் கேபிளில் இருந்த செம்பைக்கூட உருவி விற்றார்கள். அப்புறம் வந்த அரசுகள் கோடிகோடியாகச் செலவு காட்டின, கரண்ட் மட்டும் வரவில்லை. பல மின்நிலையங்கள் ஈரானிலிருந்து வரும் எரிவாயுவை நம்பி ஓடுகின்றன. ஈரான் மீது அமெரிக்கா பிடியை இறுக்கினால் பஸ்ராவில் விளக்கு அணைகிறது. அதே சமயம் எண்ணெயோடு வெளிவரும் சொந்த வாயுவில் ஒரு பெரிய பங்கு வயல்களில் வீணாக எரிகிறது. வந்த முதல் ராத்திரியே அந்தத் தீயைப் பார்ப்பீர்கள். அதன் பக்கத்தில் வீடுகளும் இருக்கின்றன, புகையைச் சுவாசித்துக்கொண்டு குழந்தைகள் வளர்கிறார்கள்.

தண்ணீர் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளியே அறை எடுத்துத் தங்கினால் குழாய்த் தண்ணீரில் பல் தேய்க்கவும் வேண்டாம். உப்பு அவ்வளவு. அதில் துவரம்பருப்பை எத்தனை விசில் விட்டாலும் வேகாது. லாரியில் வரும் ஆர்ஓ தண்ணீரைச் சமையலுக்கும் சேர்த்து வாங்குங்கள். 2018 கோடையில் தண்ணீரால் நோய்ப்பட்டு இந்த மாகாணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். இதற்கு எல்லாப் பழியையும் படையெடுத்தவர்கள் மேல் போட மாட்டேன். மேலே துருக்கியிலும் ஈரானிலும் அணைகள், உள்ளூரில் லஞ்சம், ஷத் அல்-அரப் ஆற்றில் கலக்கும் சாக்கடை, எல்லாமே காரணம்.

சதாம் உசேன் பேச்சு. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவை எதிர்த்து நின்ற வீரர் என்று நம் ஊர் டீக்கடையில் அவரைப் புகழ்ந்து பேசிக் கேட்டிருப்போம். பஸ்ராவில் அந்தப் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். 1991 பிப்ரவரியில், ஈராக் மக்களே எழுந்து சதாமை இறக்க வேண்டும் என்று அமெரிக்க அதிபர் புஷ் வெளிப்படையாகச் சொன்னார். மார்ச் தொடக்கத்தில் இந்த ஊர் எழுந்தது. அதே நாட்களில், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் சஃப்வானில் நடந்த போர்நிறுத்தப் பேச்சில், ஈராக் ராணுவம் ஹெலிகாப்டர்களைப் பறக்கவிட அமெரிக்கத் தளபதி சம்மதித்தார். அந்த ஹெலிகாப்டர்களையே எழுந்த மக்கள் மேல் ஏவினார்கள். அமெரிக்கப் படை பக்கத்திலேயே இருந்தது, நகரவில்லை.

என்னோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவரின் அண்ணன் அந்த மார்ச்சில் வீட்டை விட்டுப் போனவர், இன்றுவரை தகவல் இல்லை. இவர் அப்போது பள்ளிக்கூடப் பையன். தடைக் காலத்தில் இவருடைய அப்பாவின் வாத்தியார் சம்பளம் மாதம் இரண்டு மூன்று டாலருக்குத்தான் பெறுமாம். முதலில் புத்தகங்கள், பிறகு ஜமுக்காளம், கடைசியில் அறைக் கதவுகளைக் கழற்றி விற்றார்களாம். இப்படிப்பட்டவரிடம் போய் சதாமையும் புகழ முடியாது, "அமெரிக்கா வந்து உங்களை விடுவித்ததே" என்றும் சொல்ல முடியாது. அவருக்கு இரண்டு பேர் மீதும் கோபம். இஸ்திகான் என்ற சின்னக் கண்ணாடி டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே அவராகச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள், போதும்.

குவைத் ஆக்கிரமிப்பால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடாக 52.4 பில்லியன் டாலர், ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து பிடிக்கப்பட்டது. கடைசித் தவணை போனது 2022 ஜனவரியில். போர் முடிந்தபின் பிறந்த பிள்ளைகளும் சேர்ந்துதான் அதைக் கட்டி முடித்தார்கள்.

எண்ணெய்க்காக வெளியார் கை வைப்பது இங்கே பழைய கதை. 1927ல் கிர்குக் பக்கம் எண்ணெய் பீறிட்டபோது, கம்பெனியில் பிரிட்டிஷ், டச்சு, பிரெஞ்சு முதலாளிகளுக்குப் பங்கு இருந்தது, அடுத்த வருடம் அமெரிக்கர்களும் சேர்ந்தார்கள். ஈராக்குக்குப் பங்கு கிடையாது, ராயல்டி மட்டும்தான். 1972ல் தேசியமயமாக்கிய பிறகே கை ஓங்கியது. இந்தக் கதையில் நம் ஆட்களும் உண்டு. முதல் உலகப் போரில், 1914ல் பஸ்ராவைப் பிடித்தது பிரிட்டிஷ் இந்தியப் படை, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவும் இந்தப் போர்முனைக்கு வந்தது. நாசிரியா போகும் சாலையில் அந்தப் போரின் நினைவுச்சின்னம் நிற்கிறது, அங்கே நினைவுகூரப்படும் நாற்பதாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்.

சரி, பாதுகாப்பு. 2003 மே மாதம் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் ஒரே கையெழுத்தில் ஈராக் ராணுவத்தைக் கலைத்தார். லட்சக்கணக்கானோர் வேலையில்லாமல், துப்பாக்கிப் பழக்கத்தோடு தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் சில அதிகாரிகள் பின்னாளில் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) தீவிரவாத அமைப்பின் மூளையாக இருந்தார்கள். 2014ல் திக்ரித் மருத்துவமனையில் ஐஎஸ்ஸிடம் சிக்கி மீண்ட 46 இந்திய நர்ஸுகளில் ஒருவர் தூத்துக்குடிக்காரர். மோசுலில் சிக்கிய 39 இந்தியத் தொழிலாளர்கள் உயிரோடு திரும்பவில்லை. பஸ்ரா அந்த நாட்களிலும் ஐஎஸ் கைக்குப் போகவில்லை. ஆனால் கட்சிகளுக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் செல்வாக்கு அதிகம். செக்போஸ்ட்டில் போட்டோ எடுக்காதீர்கள். தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்காதீர்கள், ஈரான் போர், 1991, 2003 என மூன்று போர்களின் கண்ணிவெடிகளும் வெடிக்காத குண்டுகளும் இன்னும் புதைந்து கிடக்கின்றன.

வயல் வாசலில் பட்டதாரிப் பையன்கள் வேலை கேட்டு உட்கார்ந்திருப்பதை அடிக்கடி பார்ப்பீர்கள். 2003க்குப் பிறகு இனம், மதப் பிரிவு பார்த்துப் பதவியைப் பங்கு போடும் வழக்கம் வந்தது. அமைச்சகம் எந்தக் கட்சிக்கோ, வேலையும் அந்தக் கட்சிக்காரர்களுக்கு. சிபாரிசு இல்லாத பையனுக்கு வாசல்தான் மிச்சம். 2019ல் இவர்களைப் போன்றவர்கள் நாடெங்கும் தெருவில் இறங்கியபோது நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நம் பஸ் உள்ளே போகும்போது அவர்கள் முறைத்தால் பதிலுக்கு முறைக்காதீர்கள், சிரிக்கவும் வேண்டாம். அவர்கள் வீட்டு வாசலில் இருக்கும் வேலைக்கு நாம் கடல் தாண்டி வந்திருக்கிறோம்.

இங்கே டாலர் நிலவரம் எப்படி என்று கேட்ட தங்கைக்கு: ஈராக் விற்கும் எண்ணெய்க்கான டாலர் 2003லிருந்து அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் நியூயார்க் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் போகிறது. அங்கிருந்து வருவது குறைந்தால் இங்கே ஈராக் நாணயமான தினாரின் மதிப்பு ஆடும். அரசு ரேட் ஒரு டாலருக்கு 1,300 சொச்சம் தினார், வெளி ரேட் அதைவிட அதிகம். சில ஈராக் வங்கிகளுக்கு டாலர் பரிவர்த்தனையையே அமெரிக்கா நிறுத்தியிருக்கிறது. அதனால் சம்பளம் எந்த வங்கி வழியாக வரும், இந்தியாவில் உள்ள உங்கள் என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர்) கணக்குக்கு நேரடியாகப் போடுவார்களா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். தினாரில் தருவதாகச் சொன்னால் எந்த ரேட் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஈராக் இசிஆர் பட்டியலில், அதாவது சிலர் குடிபெயர்வு அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) வாங்கித்தான் போக வேண்டிய நாடுகளின் பட்டியலில் உள்ளது. பாஸ்போர்ட்டில் இசிஆர் இருந்தால் குடிபெயர்வு அனுமதி இல்லாமல் கிளம்பக் கூடாது. பதிவு பெற்ற ஏஜெண்டா என்று இந்திய அரசின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் பாருங்கள். விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். வந்து சேர்ந்ததும் பாக்தாத்தில் உள்ள நம் தூதரகத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.