நவீன போர்முறையை உண்மையில் மாற்றிய சண்டை எது? (வாட்டர்லூ வேண்டாம்)

புதுவாசகன்:
கொஞ்ச நாளாக ராணுவ வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பட்டியலை எடுத்தாலும் வாட்டர்லூ, ஸ்டாலின்கிராட், நார்மண்டி என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். யார் ஜெயித்தார்கள் என்பதை முடிவு செய்த சண்டைகள், சரி. ஆனால் வாட்டர்லூவில் (1815) நின்ற சிப்பாயைத் தூக்கி 1704ல் நடந்த ப்ளென்ஹைம் களத்தில் விட்டால் அரை நாளில் பழகிவிடுவான். அதே மஸ்கெட், அதே வரிசை. 1914ல் போருக்குப் போனவனை நேராக 1918ல் இறக்கிவிட்டால் திருதிருவென்று முழிப்பான். அந்த மாற்றம் எங்கே நடந்தது? ஒரே ஒரு சண்டையைச் சொல்லுங்கள், காரணத்தோடு.

ஊசித்துப்பாக்கி:
கோனிக்ராட்ஸ், 1866 ஜூலை 3. ஆஸ்திரியச் சிப்பாய் குழலின் வாய் வழியாக மருந்தை இடிக்க எழுந்து நிற்க வேண்டும், பிரஷ்யன் கையில் ஊசித்துப்பாக்கி, படுத்தபடியே பின்பக்கம் தோட்டாவைப் போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தான். படைகள் களத்துக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது ரயிலில், உத்தரவு போனது தந்தியில். இதற்கு மேல் என்ன நவீனம் வேண்டும்?

பீரங்கிப்பிரியன்:
மேலே சொன்ன நண்பருக்கு: துப்பாக்கிதான் காரணம் என்றால் 1870ல் பிரஷ்யாவோடு நடந்த போரில் பிரான்ஸ் ஜெயித்திருக்க வேண்டுமே? அவர்களுடைய சாஸ்போ துப்பாக்கி உங்கள் ஊசித்துப்பாக்கியைவிட ரொம்ப தூரம் சுடும். அவர்களை அடித்தது க்ருப் என்ற ஜெர்மன் ஆலையின் எஃகு பீரங்கி.

என் பதில் கம்ப்ரே, 1917 நவம்பர் 20, பிரான்ஸில் ஜெர்மானியர்கள் மீது பிரிட்டிஷார் நடத்திய தாக்குதல். உடனே டாங்கி, டாங்கி என்பார்கள். டாங்கி அதற்கு ஒரு வருடம் முன்பே சோம் களத்துக்கு வந்தாயிற்று. கம்ப்ரேயில் புதுசு, பீரங்கி காத்த மௌனம். அதுவரை ஒவ்வொரு பீரங்கியும் முதலில் சில குண்டுகளைச் சுட்டு, எங்கே விழுகிறது என்று பார்த்து, திருத்தித் திருத்தித்தான் குறி பிடிக்கும். அதற்கப்புறம் நாள்கணக்கில் குண்டுமழை. 1916ல் சோமில் ஏழு நாள் சுட்டார்கள், அதாவது ஏழு நாளும் "இங்கேதான் வரப்போகிறோம்" என்று எதிரிக்குத் தண்டோரா போட்டார்கள். கம்ப்ரேயில் சுமார் 1000 பீரங்கிகள் காலை 6.20 வரை வாயைத் திறக்கவில்லை, திறந்தபோது முதல் குண்டே இலக்கை ஒட்டி விழுந்தது. நிலத்தை அளந்து வரைபடம் போட்டு, ஒவ்வொரு குழலும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, காற்றையும் வெப்பத்தையும் கணக்கில் சேர்த்து, எல்லாம் காகிதத்திலேயே முடித்துவிட்டார்கள்.

எதிரியின் பீரங்கி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் சத்தத்தை வைத்தே பிடித்தார்கள். வரிசையாக மைக்ரோபோன் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சத்தம் வந்து சேரும் நேர வித்தியாசத்தை அளப்பது. அதைச் செய்தவர் லாரன்ஸ் ப்ராக், 25 வயதில் இயற்பியல் நோபல் வாங்கியவர். குண்டு பறக்கும் சத்தம் காதைப் பிளக்கும், பீரங்கியின் சத்தமோ காதுக்கே எட்டாத மெல்லிய அழுத்தம். அதில் எவ்வளவு வலு இருக்கிறது என்று அவருக்கு உறைத்த இடம் கழிப்பறை! பக்கத்தில் பீரங்கி வெடிக்கும்போதெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து லேசாகத் தூக்கிப் போட்டதாம்.

பத்து நாளில் ஜெர்மானியர்கள் எதிர்த்தாக்குதல் நடத்தி, இழந்த நிலத்தில் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டார்கள். அவர்களும் சும்மா வரவில்லை, சிறு சிறு குழுவாக, வலுவான இடங்களைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்விட்டார்கள். ஆக யாரும் ஜெயிக்காத சண்டை. ஆனால் 1918 முழுக்க இரண்டு பக்கமும் போட்டது மௌனப் பீரங்கி, சுற்றிப்போகும் சிறு குழு என்ற இந்த இரண்டு வித்தைகளைத்தான்.

புதுவாசகன்:
கழிப்பறைக் கதையை எதிர்பார்க்கவே இல்லை. அப்போ டாங்கிக்கு என்று ஒரு சண்டையே கிடையாதா?

தடம்:
உண்டு. செடான், 1940 மே 13, பிரான்ஸில் ஜெர்மானியர்கள் ம்யூஸ் ஆற்றைத் தாண்டியது. ஆற்றைக் கடந்தது என்னவோ ரப்பர் படகில் போன காலாட்படைதான், டாங்கிகள் பாலம் போட்ட பிறகே வந்தன. பிரெஞ்சு ஷார் பி1 பிஸ் டாங்கியின் கவசம் 60 மில்லிமீட்டர், எதிரே வந்த ஜெர்மன் டாங்கிகளைவிடக் கனம். ஆனால் அதன் கோபுரத்தில் ஒரே ஆள்: அவரே குண்டு போட்டு, அவரே குறி பார்த்து, அவரே சுட்டு, நடுவில் சண்டையையும் நடத்த வேண்டும். ஜெர்மன் பான்சர் 3 கோபுரத்தில் மூன்று பேர், கூடவே ரேடியோ. கவசத்தைவிட அந்த இரண்டு கூடுதல் ஆட்களும் ரேடியோவும் பெரிசு என்பது என் கட்சி.

மாலுமி:
எல்லாரும் தரையிலேயே நிற்கிறீர்கள். டரான்டோ, 1940 நவம்பர் 11 இரவு. துணி போர்த்திய 21 பிரிட்டிஷ் இரட்டை இறக்கை விமானங்கள், அந்தத் துறைமுகத்தில் நின்ற மூன்று இத்தாலியப் போர்க்கப்பல்களை முடக்கிவிட்டு இரண்டே விமானங்களை இழந்தன. அடுத்த வருடம் ஜப்பான் இதையே பேர்ல் ஹார்பரில் செய்தது.

புதுவாசகன்:
ஒன்று கேட்டால் நாலு வருகிறது. ட்ரோன் சண்டைகளை யாரும் சொல்லவில்லையே? 2020ல் அஜர்பைஜானும் ஆர்மீனியாவும் மோதிய கராபாக்?

பீரங்கிப்பிரியன்:
ட்ரோன் அங்கே நிறைய வேலை செய்தது, மறுக்கவில்லை. ஆனால் 44 நாள் சண்டையை முடித்தது ஷுஷா நகரம் விழுந்ததுதான், அதைப் பிடித்தவர்கள் காட்டு வழியாக மலையேறிப் போன அஜர்பைஜான் காலாட்படையினர். கணக்கு எப்படிப் போடுவது என்று நீங்களே சொல்லுங்கள்.