கத்தரி வாடல்: சுண்டைக் கன்று கிடைக்குமா?

வணக்கம் நண்பர்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் அக்டோபர் மழைக்கு முன்பே பாத்தியை ஓரடி உயர்த்தி வடிகால் வெட்டியாயிற்று. சிக்கல் கத்தரியில்தான். இலை பச்சையாக இருக்கும்போதே செடி துவண்டு சாகிறது. அடித்தண்டை நறுக்கித் தெளிந்த தண்ணீரில் தொங்கவிட்டால் பால் போல வெள்ளை இழை இறங்குகிறது, பாக்டீரியா வாடலேதான். மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும், பூஞ்சை மருந்துக்கு அடங்காது. இந்நோயைத் தாங்கும் சுண்டைக்காய் வேர்ச்செடியில் கத்தரித் தண்டை ஒட்டுக்கட்டுவதே நல்ல வழி. ஆனால் சுண்டை மெதுவாக வளரும். இனி விதைத்தால் தாமதம். பென்சிலைவிட மெலிந்த தண்டுள்ள கன்று பத்து யாரிடமாவது இருக்கிறதா? விலை சொல்லுங்கள், நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று: ஒட்டுக்கட்டியபின் ஒரு வாரம் நிழலில் பிளாஸ்டிக் பையால் மூடவேண்டும், இல்லையேல் மேல்தண்டு காய்ந்துவிடும். மழைக்காலப் புழுக்கத்திலோ ஒட்டிய இடமே அழுகுகிறது. நீங்கள் பையை எத்தனையாவது நாளில் திறக்கத் தொடங்குகிறீர்கள்?