ஜூலைக் கூடலில் சமையல் போட்டி: டெர்லிங்குவா சொல்லும் கதை

அன்புள்ள சொந்தங்களுக்கு வணக்கம்.

ஜூலையில் எல்லோரும் ஊரில் கூடும்போது ஒரு சமையல் போட்டி வைத்து, சேரும் பணத்தைக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று துபாய்த் தம்பிகள் எழுதியிருந்தார்கள். அதற்கு சிங்கப்பூர்ப் பெரியப்பா, "தர்ம காரியத்துக்குப் போட்டி எதுக்குப்பா, நேரா வசூல் பண்ணிக் கொடுத்துடலாமே" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நான் இருக்கும் டெக்சாஸில் இந்த மாதிரிப் போட்டி நடக்காத சின்ன ஊரே இல்லை. அது தொடங்கிய கதையைச் சொன்னால் பெரியப்பாவுக்கும் பதில் கிடைக்கும், நம் போட்டியை எப்படி நடத்துவது என்பதற்கும் வழி கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

டெக்சாஸின் தென்மேற்கு ஓரத்தில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் டெர்லிங்குவா என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் பாதரசச் சுரங்கம் ஓடிய ஊர். 1942இல் சுரங்கக் கம்பெனி திவாலானதும் தொழிலாளிகள் கிளம்பிவிட்டார்கள். கூரை போன மண்சுவர்கள்தான் மிச்சம். பக்கத்து டவுனான ஆல்பைனுக்குப் போக ஏறக்குறைய 130 கிலோமீட்டர். அந்தப் பக்கத்தில் பெரிய அளவில் நிலம் வைத்திருந்தவர்களில் இருவர், டல்லாஸ் வக்கீல் டேவிட் விட்ஸும் கார் பந்தய வீரர் கேரல் ஷெல்பியும். அந்தப் பொட்டல் காட்டை வாங்க ஆள் வரவேண்டும் என்றால் முதலில் ஊர்ப் பெயர் நாலு பேர் வாயில் விழவேண்டும். சுருக்கமாகச் சொன்னால், மனை வியாபாரம்தான் முதல் நோக்கம். தர்மம் அப்போது யார் நினைப்பிலும் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு சண்டை வந்து சேர்ந்தது. டெக்சாஸ்காரர்களுக்கு உயிரான பதார்த்தம் சில்லி. மாட்டிறைச்சியைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, வற்றல் மிளகாய், சீரகம், பூண்டு சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவிடும் கெட்டிக் குழம்பு. அதில் பயறு போட்டால் இங்கே பலர் தட்டையே தள்ளிவிடுவார்கள். 1967 ஆகஸ்டில், நியூயார்க் பக்கம் வாழ்ந்த எச். ஆலன் ஸ்மித் என்ற எழுத்தாளர் ஒரு பத்திரிகையில், சில்லியைப் பற்றித் தன்னைவிட அதிகம் தெரிந்தவர் எவரும் இல்லை என்று எழுதினார். அவர் பயறு போடும் கட்சி! டல்லாஸ் பத்திரிகையாளர் ஃப்ராங்க் டோல்பெர்ட் சில்லிக்காகவே ஒரு புத்தகம் எழுதியவர். அவரும் நண்பர்களும் சும்மா விடுவார்களா? தங்கள் தரப்பில் விக் ஃபௌலர் என்ற பத்திரிகையாளரை நிறுத்தினார்கள். 1967 அக்டோபர் 21 அன்று, ஆளில்லாத டெர்லிங்குவாவில் இரண்டு அடுப்பு எரிந்தது.

நடுவர்கள் மூன்று பேர். ஆல்பைன் பக்கத்துப் பண்ணைக்காரப் பெண்மணி ஹாலி ஸ்டில்வெல், எழுத்தாளர் ஸ்மித்துக்கு ஓட்டுப் போட்டார். சான் அன்டோனியோ மதுபான ஆலையைச் சேர்ந்த ஃப்ளாய்ட் ஷ்னைடர் ஃபௌலருக்குப் போட்டார். மூன்றாவது ஆள் நிலக்காரர் விட்ஸ்தான். ஒரு வாய் வைத்ததும் துப்பிவிட்டு, நாக்கு மரத்துப்போய்விட்டது, தீர்ப்புச் சொல்ல முடியாது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்துவிட்டார். ஒருவர் ஜெயித்திருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். தீராத வழக்கு என்பதால் மறு வருஷமும் கூட்டம் வந்தது. அந்த 1968 போட்டியில் முகமூடி போட்ட ஆட்கள் ஓட்டுப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்விட்டதாக இங்கே இன்றும் சொல்வார்கள். ஆக, மூன்றாவது வருஷமும் நடந்தாக வேண்டியதாயிற்று.

ஆரம்பத்தில் பெண்களுக்கு அங்கே அடுப்புக் கிடையாது. அதனால் 1970இல் லக்கன்பாக் என்ற சிற்றூரில் பெண்கள் தங்களுக்கென்று தனியாகப் போட்டி நடத்தினார்கள். 1974இல் டெர்லிங்குவாவிலேயே அலெகானி ஜானி ஸ்கோஃபீல்ட் என்ற பெண்மணி முதல் பரிசை வாங்கினார். நம் ஊரில் விருந்து என்றால் கரண்டி பிடிப்பது ஆம்பளை மாஸ்டர்கள்தான். வருஷம் பூராவும் வீட்டில் சமைக்கும் கைகளுக்குப் பந்தலில் இடம் இருப்பதில்லை. நம் போட்டியில் முதல் வரிசை அடுப்புகள் நம் அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, இதில் தர்மம் எங்கே வந்தது? கூட்டம் பெருகியதும் யார் வேண்டுமானாலும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வரலாம் என்ற நிலைமை தாங்கவில்லை. 1951இல் டல்லாஸில் தொடங்கிய சில்லி ரசிகர் சங்கத்தின் பெயரில் ஒரு முறை கொண்டுவந்தார்கள். நவம்பர் முதல் சனிக்கிழமை டெர்லிங்குவாவில் சமைக்கவேண்டும் என்றால், வருஷம் முழுக்க அங்கங்கே நடக்கும் சின்னப் போட்டிகளில் ஜெயித்துப் புள்ளி சேர்க்கவேண்டும். அந்தச் சின்னப் போட்டிகள் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு நற்காரியத்துக்காக நடக்கும். ஓர் ஊரில் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு, இன்னோர் ஊரில் உடம்பு முடியாத ஒரு குடும்பத்துக்கு என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். சமைக்க வருகிறவர் நுழைவுக் கட்டணம் கட்டுவார், ஊர்க்காரர்கள் ருசி பார்க்கக் காசு கொடுப்பார்கள், எந்த ஊரில் சட்டி கொதித்ததோ அந்த ஊரிலேயே பணம் தங்கிவிடும்.

நடுவில் உட்பூசலும் வந்தது. 1983இல் இரண்டாகப் பிரிந்து, இன்றுவரை அதே வாரக் கடைசியில் அதே ஊரில் இரண்டு போட்டி நடக்கிறது. டோல்பெர்ட், ஃபௌலர் பெயர் தாங்கிய பிரிவு, நரம்பு செத்துத் தசை ஒடுங்கும் ஏ.எல்.எஸ். நோய்க்கான ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுகிறது. சங்கப் பிரிவு டெர்லிங்குவாப் பள்ளிப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு உதவித்தொகை கொடுக்கிறது. அந்த ஊரில் 1990களின் நடுப்பகுதி வரை உயர்நிலைப் பள்ளி கிடையாது. பிள்ளைகள் தினம் ஆல்பைனுக்கு அந்த 130 கிலோமீட்டரும் பஸ்ஸில் போய்த் திரும்பியவர்கள். பட்டுக்கோட்டைக்கும் தஞ்சாவூருக்கும் விடிகாலைப் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருப்பதால், இதை அறிந்தபோது எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

நான் இருக்கும் பகுதியில் நடக்கும் ஒரு போட்டியில் நடுவர் மேசைக்குப் பக்கத்தில் வேலை செய்திருக்கிறேன். அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நமக்கு நேராகப் பயன்படும். சமைப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே நிற வெள்ளைக் கப். கப்போடு ஒரே எண் உள்ள இரண்டு சீட்டு. ஒன்றை எண் தெரியாதபடி மூடிக் கப்பிலேயே ஒட்டிவிடுவார்கள், மற்றது சமைத்தவர் கையில். நடுவருக்கு ஆளும் தெரியாது, எண்ணும் தெரியாது. ஒரு கரண்டி ஒரு கப்பில் ஒரு தடவைதான், வாய் வைத்த கரண்டி திரும்பக் கப்புக்குள் போகாது. மணம், நிறம், பதம், ருசி, விழுங்கிய பிறகு நாக்கில் நிற்கும் சுவை, இந்த ஐந்தையும் பார்த்து ஒரே மதிப்பெண். எல்லாம் முடிந்த பிறகுதான் மேடையில் சீட்டைப் பிரிப்பார்கள். கையில் மறுபாதி வைத்திருப்பவர் எழுந்து வருவார். வீட்டிலிருந்து சமைத்துக்கொண்டு வருவது ஆகாது. அன்றைக்கு, அந்த இடத்தில், அடியிலிருந்து சமைக்கவேண்டும்.

பெரியப்பா கேட்டதற்கு வருகிறேன். நேரடி வசூலில் கொடுப்பவர் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதே பத்துப் பேர்தான் வருஷா வருஷம் கொடுப்பார்கள், அது நம் சங்கக் கணக்கைப் பார்த்தாலே தெரியும். போட்டி என்றால் கொடுக்காதவரும் வருவார், வந்து வாதாடுவார், அடுத்த வருஷமும் வருவார். சாப்பாடு போட்டுப் பணம் திரட்ட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடி பிறந்தால் பேராவூரணி, கீரமங்கலம் பக்கமெல்லாம் மொய் விருந்துப் பந்தல்தான். ஆனால் மொய் நோட்டில் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் திரும்பச் செய்யவேண்டியது, அதுவும் கூட்டிச் செய்யவேண்டியது. நம் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சுமை வேண்டாம். இது திரும்பி வராத பணம் என்று பந்தல் வாசலிலேயே பெரிதாக எழுதி வைக்கவேண்டும்.

என்ன சமைப்பது? எல்லோரும் பலவிதமாகச் சொல்லியிருந்தீர்கள். பிரியாணி வேண்டாம், அதில் சண்டை இல்லை. நம் ஊரில் சண்டை வருகிற பதார்த்தம் மீன் குழம்புதான். தேங்காய் அரைத்து ஊற்றலாமா கூடாதா, மாங்காய் போடலாமா, அன்றைக்கே சாப்பிடுவதா மறுநாளா? மேலத்தெருவும் கீழத்தெருவும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஜூன் நடுவில் மீன்பிடித் தடை முடிந்துவிடும், ஜூலையில் மல்லிப்பட்டினத்திலிருந்தும் சேதுபாவாசத்திரத்திலிருந்தும் நல்ல மீன் வரும். தேங்காய் கட்சிக்கு இன்னொரு நியாயமும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப் போட்ட தோப்புகளில் அப்புறம் நட்ட கன்றுகள் நிறைய இடத்தில் காய்க்க வந்துவிட்டன. அந்தக் காய் அந்தச் சட்டியில் விழட்டும்.

வேலையைப் பிரித்துக்கொள்வோம். சீட்டு முறையும் மதிப்பெண் தாளும் நான் தயார் செய்து இந்த மாதக் கடைசிக்குள் அனுப்புகிறேன். நடுவர்கள் நம் ஊர்க்காரர்களாக இருக்கக்கூடாது. பக்கத்து ஊர்களில் யாரைக் கேட்கலாம் என்று ஊரில் இருக்கும் சித்தப்பா சொல்லவேண்டும். அடுப்பு, விறகு, பந்தல் செலவை துபாய்த் தம்பிகள் ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணக்கை வசூலோடு கலக்காமல் தனியாக வைக்கவேண்டும். எந்தெந்தப் பிள்ளைகளுக்கு என்பதைப் பள்ளி ஆசிரியர்களைக் கேட்டு, போட்டிக்கு முன்பே முடிவு செய்துவிடவேண்டும். ஆனால் பெயரை மேடையில் வாசிக்கக்கூடாது. மெல்போர்ன் அக்கா, போன தடவை நீங்கள் வைத்த குழம்பில் தேங்காய் இருந்ததா இல்லையா என்று இன்னும் இரண்டு தெருவும் கேட்டுக்கொண்டிருக்கிறது. முதல் பெயராக உங்கள் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
மேலத்தெருப் பிள்ளை, ஹூஸ்டனிலிருந்து