கோஹனும் கெல்லியும்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

சட்டம் படிப்பவள்

‘நாடகத்திலிருந்து எடுத்த பழைய சிரிப்புப் படம் ஒன்றால் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்’ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்லப்போகும் படத்தை நான் பார்த்ததில்லை. சிக்கலே அதுதான். பதிப்புரிமைப் பாடத்துக்காக 1930ஆம் ஆண்டு அமெரிக்கத் தீர்ப்பு ஒன்றைப் பஸ்ஸில் நின்றபடி படித்துக்கொண்டிருந்தேன். ‘ஏபீஸ் ஐரிஷ் ரோஸ்’ நாடகத்தின் ஆசிரியர் ஆன் நிக்கல்ஸ், தன் நாடகத்தைக் காப்பியடித்ததாக யூனிவர்சல் படக் கம்பெனி மீது போட்ட வழக்குதான், உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீதிபதி லேர்னட் ஹேண்ட், ‘தி கோஹன்ஸ் அண்ட் கெல்லிஸ்’ என்ற 1926ஆம் ஆண்டு மௌனப் படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே போகிறார். நியூயார்க்கில் பக்கத்துப் பக்கத்து வீடு. கோஹன் யூதத் துணிக்கடைக்காரர், கெல்லி ஐரிஷ் போலீஸ்காரர். கோஹன் மகளும் கெல்லி மகனும் காதலிக்கிறார்கள். மனைவிகளுக்குள் சண்டை, பையன்களுக்குள் சண்டை, நாய்களுக்குள்ளும் சண்டை. நாய்களிடம் வந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு மழை. கோஹனுக்கு வந்த பெரும் சொத்து உண்மையில் கெல்லிக்குச் சேர வேண்டியது என்கிறான் வக்கீல். எனக்கும் பங்கு கொடு, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். கோஹன் அவனை உதறிவிட்டு மழையில் நடந்தே பகையாளி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்கிறார். இருவரும் சமாதானமாகி ஆளுக்குப் பாதி என்று முடிவாகிறது. கடைசியில் இருவரும் குடித்துக்கொண்டிருக்கும்போது, கூட்டாக நடத்தப்போகும் வியாபாரத்தின் பெயரில் தன் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று அடம்பிடிக்கிறார் கோஹன். முழுச் சொத்தையும் கொண்டுபோய்க் கொடுக்கத் துணிந்த மனிதர்! மூன்று வாரமாக அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. ஜெயித்தது யார் என்று தேர்வில் எழுதவே மறந்துவிட்டேன். (யூனிவர்சல்தான்.)

கரோல்பாக் பழையவர்

அம்மா, நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சகோதர வழக்கு இருக்கிறதே. ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தை எழுதிய ஆர்.ஜி. ஆனந்த், ‘நியூ டெல்லி’ (1956) படத்தின் மேல் போட்டது. யூதர், ஐரிஷ்காரருக்குப் பதில் பஞ்சாபி, மதராஸி. 1978இல் உச்ச நீதிமன்றமும் நாடகக்காரரைக் கைவிட்டது.

என் கதை சின்னது. டில்லியில் எங்கள் மாடி அறையைத் தமிழர்களுக்கு மட்டும்தான் அப்பா வாடகைக்கு விடுவார். ஒரு நாள் அந்தப் படத்தைப் பார்த்தோம். அறை கிடைக்காத பஞ்சாபிப் பையன் கிஷோர் குமார் தமிழனாக வேஷம் போடுவதைக் கண்டு அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுநாள் காலையில் ஒரு பஞ்சாபி வாத்தியார் வந்து அறை கேட்டார். “காலி இல்லை” என்றார் அப்பா. அறை காலியாகத்தான் இருந்தது, சாவி அவர் கையிலேயே இருந்தது.

ஏகாதசி வீட்டு மகள்

நாடகத்திலிருந்து எடுத்ததுதான் வேண்டும் என்றால் இது சேராது. ஆனாலும் சொல்கிறேன். 1923இல் வியன்னாவில் எடுத்த ‘ஈஸ்ட் அண்ட் வெஸ்ட்’ என்ற மௌனப் படம். யூதர்களின் நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்று எல்லோரும் பட்டினி கிடந்து ஜெபிக்கும்போது, அமெரிக்காவிலிருந்து வந்த பெண்ணாக நடிக்கும் மோலி பிகான் நழுவிப்போய் வயிறு முட்டச் சாப்பிடுவாள். நான் அம்மாவுடன் அதைப் பார்த்தது ஓர் ஏகாதசி. அம்மா அன்று உபவாசம். திட்டுவாள் என்று பயந்தேன். “பாவம், பசிக்காதா குழந்தைக்கு?” என்றாள்.

ஆனால் படத்தில் அந்தப் பெண் விளையாட்டாக நடத்திய கல்யாணம் நிஜமாகிவிடுகிறது. மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை, ஏழை வேதபாடசாலைப் பையன், வியன்னாவுக்குப் போய்த் தாடியெல்லாம் எடுத்து நாகரிக எழுத்தாளனாகிறான். அப்போதுதான் அவளுக்குப் பிடிக்கிறது. “தாடியோடு இருந்தவனும் அவன்தானே?” என்றாள் அம்மா. என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை.

சனிக்கிழமைப் படக்காரர்

சட்டம் படிக்கும் பெண்ணே, முக்கியமானதை விட்டுவிட்டாய். அந்தப் படம் ஆன் நிக்கல்ஸின் நாடகத்திலிருந்து எடுத்ததாகச் சொல்லிக்கொள்ளவே இல்லை. அது ஆரன் ஹாஃப்மனின் ‘டூ பிளாக்ஸ் அவே’ நாடகத்திலிருந்து வந்தது. அந்த நாடகம் நியூயார்க்கின் நாடகக் கொட்டகைத் தெருவான பிராட்வேயில் ஏறியது 1921இல், நிக்கல்ஸின் நாடகம் ஏறியது 1922இல். யார் யாரைப் பார்த்தார்கள் என்று இனியாவது யோசி. நிக்கல்ஸின் நாடகம் 2,327 காட்சிகள் ஓடியது என்பதற்காகச் சண்டைக்கார மாமனார்கள் எல்லோரும் அந்த அம்மாளுக்குச் சொந்தமாகிவிட மாட்டார்கள். கரோல்பாக் ஐயா “கைவிட்டது” என்கிறார். கருவை யாரும் பூட்டி வைக்க முடியாது என்றுதான் அங்கும் தீர்ப்பு.

நான் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பழைய நகைச்சுவை மௌனப் படம் ஒன்று போட்டேன். பத்தாவது நிமிடத்தில் ஒரு சிறுவன் எழுந்துபோய் ஒலிப்பெருக்கியின் ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகிப் பார்த்தான். அவ்வளவுதான் என் அனுபவம்.

நீங்களும் போட்டுக் காட்டுவதானால் கேளுங்கள். முதலில் வேகத்தைப் பாருங்கள். அக்காலப் படங்கள் பலவற்றை விநாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் எல்லோரும் ரயிலுக்கு ஓடுவதுபோல் இருக்கும். வசனத்துக்காகத் திரையில் வரும் எழுத்து அட்டைகளை ஒருவர் உரக்கத் தமிழில் சொல்ல வேண்டும், ஆனால் நடிக்கக் கூடாது. இசை எதுவும் இல்லாமல் ஓட்டாதீர்கள். அந்தக் காலத்திலும் கொட்டகையில் பியானோவாவது இருந்தது. யூத வியாபாரியைக் கேலி செய்யும் இடங்கள் வரும். முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், படம் முடிந்த பிறகு பிரசங்கம் வேண்டாம். தின்பதற்கு முறுக்கு கொடுக்காதீர்கள், மௌனப் படத்தில் சத்தம் அதிகமாகக் கேட்கும்.

சட்டம் படிப்பவள்

நன்றி ஐயா, நான் படம் காட்டப்போவதாகச் சொல்லவே இல்லை. ஆனால் இப்போதுதான் தலைப்பைக் கவனித்தேன். கோஹன் பெயர்தான் முதலில் இருக்கிறது.