டேனியல் ஃப்ரீமன் குடும்பத்தின் செல்வம்: உழைத்துச் சேர்த்ததா, அரசு கொடுத்ததா?

புல்வெளிப்பயணி:
நெப்ராஸ்கா மாநிலத்தில் பியாட்ரிஸ் ஊருக்குப் பக்கத்தில் ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா இருக்கிறது. நான் இருக்கும் லிங்கன் நகரத்திலிருந்து தெற்கே காரில் போய்விடலாம். ஹோம்ஸ்டெட் என்றால், குடியிருந்து பயிர் செய்கிறவருக்கு அரசு சொந்தமாக்கிக் கொடுத்த நிலம். அமெரிக்காவின் முதல் ஹோம்ஸ்டெட் விவசாயி என்று பதிவான டேனியல் ஃப்ரீமனின் நிலம்தான் அந்தப் பூங்கா. போய்வந்ததைப் பற்றி நண்பர்கள் குழுவில் எழுதினால், "ஓசியில் நிலம் வாங்கிப் பணக்காரர் ஆனவர்தானே" என்று ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அதனால்தான் இந்த இழை.

ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் 1863 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 160 ஏக்கர் கிடைக்கும். ஆனால் ஐந்து வருடம் அங்கேயே குடியிருக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், பயிர் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு சாட்சிகளோடு போய் நிரூபித்தால்தான் பட்டா. முதல் நாளிலேயே பிரவுன்வில் நில அலுவலகத்தில் ஃப்ரீமன் பெயர் முதல் எண்ணில் ஏறியது. 1868 ஜனவரியில் அவர் கொடுத்த சான்று இன்றும் இருக்கிறது. 14க்கு 20 அடி வீடு, பாதி மரக்கட்டை, பாதி பலகை. இரண்டு கதவு, இரண்டு ஜன்னல். ஒரு தொழுவம், 100 அடி நீள ஆட்டுக்கொட்டகை, சோளக்களஞ்சியம், 40 ஆப்பிள் மரங்கள், சுமார் 400 பீச் மரங்கள். ஐந்து வருடத்தில் உழுது வேலி போட்டது ஏறத்தாழ 35 ஏக்கர்.

இவ்வளவையும் செய்தவரை ஓசி என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

கயல்:
ஓசி என்ற சொல் எனக்கும் பிடிக்கவில்லை. அவர் உழைத்தார், அதில் சண்டை இல்லை. ஆனால் உங்கள் கதை 1863 ஜனவரி 1 அன்று தொடங்குகிறது, அங்கேதான் எனக்குத் தகராறு. அந்த நிலம் அதற்கு முன்னால் யாருடையது?

ஓட்டோ-மிசூரியா பழங்குடி மக்கள் 1854 ஒப்பந்தத்தில் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, பிக் புளூ ஆற்றங்கரையில் பத்து மைல் அகலம், 25 மைல் நீளமுள்ள ஒதுக்கிடத்துக்குள் போனார்கள். அது எங்கோ தொலைவில் இல்லை. ஃப்ரீமன் இருந்த அதே கேஜ் கவுண்டியின் தெற்குப் பக்கம்தான். அவர் பீச் கன்று நட்டுக்கொண்டிருந்தபோது நிலத்தின் பழைய சொந்தக்காரர்கள் சில மணிநேரப் பயணத் தொலைவில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்த ஒதுக்கிடமும் நிலைக்கவில்லை. 1881இல் அவர்களை இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டு, அதையும் குடியேறிகளுக்கு விற்றார்கள்.

ஒரு குடும்பம் செழித்த கதையைச் சொல்லும்போது இதை அடிக்குறிப்பாக வைக்கக் கூடாது. முதல் பத்தியிலேயே வர வேண்டும்.

நெல்லைக்காரன்:
நிலம் யாருடையது என்பதைக் கயல் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த 35 ஏக்கரில்தான் கண் போகிறது. எங்கள் வீட்டில் இன்றும் விவசாயம்தான். 160 ஏக்கர் கையில் இருந்தும் ஐந்து வருடத்தில் 35தான் உழ முடிந்தது என்றால் அந்த மண் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள்.

உயரப் புல்வெளியின் கீழே வேர் பல அடி ஆழத்துக்குப் பின்னிக்கிடக்கும். அதைச் சாதாரணக் கலப்பையால் கிழிக்க முடியாது. எஃகு முகம் வைத்த பெரிய கலப்பையும், அதை இழுக்கப் பல ஜோடி எருதுகளும் வேண்டும். முதல் வருடம் புரட்டிப்போட்ட வேர்க்கட்டி மட்கும்வரை நல்ல விளைச்சலுக்குக் காத்திருக்க வேண்டும், அதுவரை பெரும்பாலும் கோடரியால் கொத்தி அந்த இடுக்கில் சோளம் போடுவார்கள். குடும்பம் சாப்பிட வேண்டுமே, காத்திருக்க முடியுமா?

அப்புறம் 1874. வெட்டுக்கிளி வந்த வருடம். சோளம், காய்கறி, மரப்பட்டை மட்டுமல்ல, கலப்பைக் கைப்பிடி போல வியர்வை உப்பு பட்ட மரத்தைக்கூட அரித்தது என்று அக்காலக் குடியேறிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். 1890களில் வறட்சி. அந்த மாநிலத்தின் மேற்குப் பகுதியைக் காலிசெய்து கிழக்கே திரும்பியவர்கள் ஏராளம். இத்தனையையும் தாண்டி ஒருவர் நிலைத்து நின்று, மேலும் நிலம் வாங்கி, பெரிய குடும்பத்தை வளர்த்தார் என்றால் அதை உழைப்பு என்றுதான் சொல்வேன்.

பழங்கணக்கு:
நெல்லை நண்பர் சொன்னதை வைத்தே கேட்கிறேன். அதே உழைப்பைக் கொட்டிய மற்றவர்கள் ஏன் தோற்றார்கள்? ஹோம்ஸ்டெட் கோரிக்கை போட்டவர்களில் பட்டா வரை போனவர்கள் சுமார் 40 சதவீதம் என்று பூங்காத் துறையே சொல்கிறது. மீதிப் பேர் சோம்பேறிகளா?

ஃப்ரீமனுடைய நிலத்தின் வரைபடத்தைப் பாருங்கள். சதுரமாக இருக்காது, ஆங்கில 'டி' எழுத்து வடிவத்தில் இருக்கும். கால் சதுர மைல் என்பது நாற்பது நாற்பது ஏக்கர் துண்டுகளாகச் சேர்க்கக்கூடியது. அவர் கப் கிரீக் ஓடையை உள்ளே பிடித்துப்போடும் மாதிரி துண்டுகளைத் தேர்ந்தெடுத்தார். அதனால் தண்ணீர் கிடைத்தது, படுகை மண் கிடைத்தது, ஓடைக்கரை மரம் கிடைத்தது. மரக்கட்டை வீடும் 100 அடி கொட்டகையும் எங்கிருந்து வந்தன என்று நினைக்கிறீர்கள்? பின்னால் மேற்கே போனவர்களுக்கு ஒரு மரம்கூட இல்லை. புல்கட்டியைச் செங்கல்லாக வெட்டி வீடு கட்டினார்கள், மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு ஒழுகும்.

முதலில் வந்தவருக்கு முதல் தேர்வு. இதில் ஃப்ரீமனின் சாமர்த்தியத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் வெற்றியை எடுத்துக்காட்டி, "உழைத்தால் யார் வேண்டுமானாலும் இப்படி ஆகலாம்" என்று சொன்னால் கணக்கு உதைக்கிறது. மேற்கு நெப்ராஸ்காவில் 160 ஏக்கரில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்று அரசே ஒப்புக்கொண்டுதான் 1904இல் கின்கெய்டு சட்டம் போட்டு 640 ஏக்கராக்கியது.

புல்வெளிப்பயணி:
பழங்கணக்கு, ஓடையைப் பார்த்து நிலம் பிடிப்பது குற்றமா? எந்த ஊர் விவசாயியும் அதைத்தான் செய்வான். கைமுதல் பற்றிச் சொன்னீர்கள் என்றால் ஒப்புக்கொள்வேன். அரசுக்குக் கட்டியது மொத்தம் 18 டாலர்தான், ஆனால் எருது, வண்டி, கலப்பை, கிணறு, முதல் விளைச்சல் வரை சாப்பாடு எல்லாம் சொந்தச் செலவு. ஆனால் அந்தச் செலவைத் துணிந்து போட்டவரும் அவர்தானே.

கயலுக்கு: அந்தப் பூங்கா அதை மறைக்கவில்லை. வாசலில் 30 மாநிலங்களின் வடிவில் உலோகத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் எவ்வளவு நிலம் ஹோம்ஸ்டெட்டாகப் போனதோ அந்த அளவுக்குச் சதுரமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். நெப்ராஸ்கா தகட்டில் 45 சதவீதம் ஓட்டை, அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பழங்குடிகளின் இழப்பைப் பற்றியும் உள்ளே சொல்கிறார்கள்.

வானதி:
நான்கு பேர் பேசிவிட்டீர்கள், ஆக்னஸ் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. இழையின் தலைப்பில் "குடும்பம்" இருக்கிறது, உள்ளே "அவர்" மட்டும்தான்.

ஆக்னஸ் சூட்டர் அயோவாவின் லெ கிளேர் ஊர்ப்பெண். முதலில் டேனியலின் தம்பி ஜேம்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டவர். ஜேம்ஸ் உள்நாட்டுப் போரில் இறந்துவிட்டார். அதன் பிறகு டேனியல் கடிதம் மூலமாகவே பேசிப் பழகி, கடிதத்திலேயே திருமணம் கேட்டார். 1865 பிப்ரவரியில் கல்யாணம். டேனியல் அவரைவிட மிகவும் மூத்தவர், முன்பே ஒரு மணவாழ்க்கை கண்டவர். புல்வெளியில் யாரையும் தெரியாத இடத்துக்கு ஒரு இளம்பெண் வருகிறார். ஐந்து வருட நிபந்தனைக் காலத்தில் மூன்று வருடம் ஆக்னஸ் அந்த வீட்டில் இருந்திருக்கிறார். 14க்கு 20 அடி என்று பயணி எழுதிய வீட்டில் சமைத்து, துவைத்து, பிள்ளை பெற்று, பால் கறந்து, வெண்ணெய் கடைந்து வாழ்ந்தவர் அவர். அந்த 400 பீச் மரங்களுக்கும் தண்ணீர் ஊற்றியது டேனியல் ஒருவர் மட்டும் என்று நம்புகிறீர்களா?

ஆனால் பட்டா யார் பெயரில்? சட்டம் குடும்பத் தலைவருக்கு, அல்லது 21 வயது நிரம்பியவருக்கு. மணமாகாத பெண் போடலாம், விதவை போடலாம். கணவரோடு வாழும் பெண் போட முடியாது. இங்கே யாரும் பேசாத அநியாயம் இது.

நெல்லைக்காரன்:
வானதி சொல்வது நியாயம். ஆனால் அந்தக் காலத்துக்கு அந்தச் சட்டம் எவ்வளவு முன்னால் போயிருக்கிறது என்றும் பாருங்கள். தனிப்பெண்ணும், விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும், குடியுரிமை கேட்டு எழுதிக்கொடுத்த வெளிநாட்டவரும் நிலம் கேட்கலாம். பின்னாளில் வேளாண் விஞ்ஞானியாகப் பெயர் பெற்ற ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1886இல் கான்சஸில் கோரிக்கை போட்டு உழுதார். அடிமையாகப் பிறந்தவர்! நம் நாட்டில் அதே வருடங்களில் உழுகிறவனுக்கு என்ன கிடைத்தது?

கயல்:
கார்வர் பெயரைச் சொன்னீர்கள், சரி. அவர் தண்ணீர் இல்லாத நிலத்தில் கிணறு தோண்டிப் பார்த்துக் கிடைக்காமல், சில வருடத்தில் கடன் வாங்கி நிலத்தை விட்டுப் படிக்கப் போனார். ஓடைக்கரை எல்லாம் முன்பே போய்விட்டது. சட்டத்தின் வாசல் திறந்திருந்தது என்பது உண்மை. எந்த வருடம் வந்தாய் என்பதும் முக்கியம்.

1882க்குப் பிறகு சீனர்களுக்குக் குடியுரிமையே சட்டப்படி மூடப்பட்டது. குடியுரிமை இல்லை என்றால் ஹோம்ஸ்டெட் இல்லை. ஆக "யார் வேண்டுமானாலும்" என்பதை விட்டுவிடுவோம்.

பழங்கணக்கு:
ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன். அதே 1862இல், ஜூலை 1 அன்று, பசிபிக் ரயில் சட்டமும் வந்தது. ரயில் கம்பெனிகளுக்குப் பாதையின் இரு பக்கமும் மாற்று மாற்றுச் சதுர மைல்கள். அந்தப் பட்டையில் போன சாதாரண ஹோம்ஸ்டெட்காரருக்கு நெடுநாள் 80 ஏக்கர்தான். சோளம் விளைந்தாலும் அதைச் சந்தைக்குக் கொண்டுபோவது அதே கம்பெனி. கட்டணம் அவர்கள் சொல்வதுதான். இந்தக் கோபம்தான் 1892இல் ஒமாஹாவில் கூடிய மக்கள் கட்சியின் அறிக்கையில் வெடித்தது. ஓசியில் வாங்கியவர்கள் யார் என்று தேடினால், விவசாயியை விட்டுவிட்டு இவர்களைப் பிடியுங்கள்.

புல்வெளிப்பயணி:
இதை முழுமனதாக ஏற்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். வசதி வந்த பிறகு ஃப்ரீமன் என்ன செய்தார் என்று பார்ப்பதும் ஒரு அளவுகோல். அவர் இருந்த பகுதிப் பள்ளியில் ஈடித் பீச்சர் என்ற ஆசிரியை வகுப்பில் பைபிள் வாசிப்பும் பாட்டும் பிரார்த்தனையும் நடத்தினார். ஃப்ரீமன் பள்ளி வாரியத்திடம் ஆட்சேபித்தார். கேட்கவில்லை. வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டில் தோற்றார். விடாமல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் போய் 1902இல் வென்றார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் அதில் மகிழ்ச்சி இருந்திருக்காது. அரசுப் பள்ளியில் மதப் போதனை வேண்டாம் என்பதற்காகச் சொந்தப் பணத்தைச் செலவழித்த விவசாயி அவர். ஓடைக்கரை நிலம் மட்டும் இதைச் செய்ய வைக்காது.

கயல்:
அந்த வழக்கை நானும் மதிக்கிறேன், பயணி. ஆனால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீமன் சிறு பள்ளி விஷயத்துக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போக முடிந்தது, ஏனென்றால் அவர் குடிமகன், நிலக்காரர், ஊரில் பெரிய மனிதர். ஓட்டோ-மிசூரியா மக்களால் தங்கள் நிலத்துக்குக் கிடைத்த விலை போதாது என்று வழக்குப் போடவே 1946இல் தனிச் சட்டம் ஒன்று வர வேண்டியிருந்தது. 1955இல்தான் அவர்கள் பக்கம் தீர்ப்பு உறுதியானது. பாரம்பரிய உரிமை இருந்த நிலத்துக்கும் அரசு இழப்பீடு தர வேண்டும் என்று சொன்ன முக்கியமான தீர்ப்பு அது. டேனியல் 1908இலும் ஆக்னஸ் 1931இலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் நிலம் தேசியச் சின்னமாகி அப்போது இருபது வருடம் ஆகப்போகிறது.

புல்வெளிப்பயணி:
அது அரசு பட்ட கடன் கயல். விலையை நிர்ணயித்தது வாஷிங்டன். சட்டம் போட்டு நிலத்தைப் பிரித்தது வாஷிங்டன். அந்தக் கடனை ஒரு விவசாயியின் ஆட்டுக்கொட்டகைமேல் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

கயல்:
அவர்மேல் எழுதச் சொல்லவில்லை. அவர் கதையோடு சேர்த்து எழுதச் சொல்கிறேன். அந்தப் பட்டாவைக் கொடுத்ததும் அதே வாஷிங்டன்தான்.

வானதி:
இருவரும் பட்டாவையே பேசுவதால் கடைசியாக ஒன்று. அந்தச் சட்டப்படி, நிலம் எடுத்தவர் ஐந்து வருடம் முடிவதற்குள் இறந்துபோனால் விதவை மீதிக் காலத்தை முடித்துத் தன் பெயரிலேயே பட்டா வாங்கலாம். 1867இல் டேனியல் இறந்திருந்தால் முதல் ஹோம்ஸ்டெட் பட்டாவில் ஆக்னஸ் ஃப்ரீமன் என்று இருந்திருக்கும். கணவர் உயிரோடு இருந்ததால் இல்லை. பயணி, அடுத்த முறை பூங்காவைப் பற்றி எழுதினால் அந்த அம்மாவிலிருந்து தொடங்கி எழுதுங்கள்.