அம்மாவுக்கு இருப்பது கவலையா, நோயா?

உப்புவெளிப்பிள்ளை:
அப்பா மோசம் போய் இன்றோடு நாலு மாதமும் பத்து நாளும். சந்தைக்குப் போய் வந்து கதிரையில் இருந்தவர் எழும்பவே இல்லை, ஹார்ட் அட்டாக். அம்மா இப்பவும் விடிய ஐந்து மணிக்கு இரண்டு கோப்பை பிளேன்டீ ஊற்றி, ஒன்றை அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் வைக்கிறார். போன கிழமை, அப்பா கேற்றைத் திறக்கிற சத்தம் கேட்டது என்றார். சமைக்கிறார், கோயிலுக்குப் போகிறார், பக்கத்து வீட்டுக் குழந்தையோடு சிரிக்கிறார், பிறகு அப்பாவின் சேர்ட் கண்ணில் பட்டால் ஒரே அழுகை. இது விசரில்தான் கொண்டுபோய் விடும், நித்திரைக் குளிசையாவது வாங்கிக் கொடு என்று மாமி சொல்கிறார். பெரியப்பாவோ பார்வை பார்க்க ஆள் கூட்டி வரட்டுமா என்கிறார். நான் கொழும்பில் வேலை, மாதத்தில் இரண்டு தரம்தான் வரமுடியும். வீட்டில் தம்பி இருக்கிறான். செத்தவீட்டு வேலை முழுக்க அவன்தான் பார்த்தான், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, நல்ல தைரியசாலி. அம்மாவை டொக்டரிடம் காட்டத்தான் வேணுமா?

பழைய_நேர்ஸ்:
தங்கச்சி, நீங்கள் எழுதியதில் எனக்குப் பயம் தருகிற ஒன்றும் இல்லை, அம்மாவைப் பொறுத்தவரை. கேற் சத்தம் கேட்பது விசர் இல்லை. 1971இல் டெவி ரீஸ் என்ற வேல்ஸ் டொக்டர், துணையை இழந்த 293 பேரிடம் கேட்டுப் பார்த்தார். ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல உணர்ந்திருந்தார்கள், சிலர் குரலே கேட்டிருந்தார்கள், ஆனால் பெரும்பாலானோர் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாமி மாதிரி யாராவது ஏதாவது சொல்வார்கள் என்ற பயம்தானே.

கவலை அலை மாதிரி வரும், போகும். சேர்ட்டைக் கண்டால் அழுகை, குழந்தையைக் கண்டால் சிரிப்பு, இரண்டும் ஒரே நாளில். மனச்சோர்வு என்கிற நோய் அப்படி விட்டுவிட்டு வராது: இரண்டு கிழமைக்கு மேல், கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும், நாளில் முக்கால்வாசி நேரம் மனம் இருண்டே இருக்கும், எதிலும் பிடிப்பு இருக்காது, சாப்பாடும் நித்திரையும் குழம்பும். கவலையில் இருக்கிறவர் ‘அவர் இல்லையே’ என்பார், மனச்சோர்வில் இருக்கிறவர் ‘நான் ஒன்றுக்கும் உதவாதவள்’ என்பார். பல தடவை இரண்டும் சேர்ந்தே வரும், அப்போது பிரித்துப் பார்க்க டொக்டருக்கே நேரம் எடுக்கும். நித்திரைக் குளிசையை மட்டும் டொக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

கிண்ணியாக்காரன்:
நாலு மாதம் பத்து நாள் என்று வாசித்ததும் நின்றுவிட்டேன். முஸ்லிம்களாகிய எங்களில் புருஷனை இழந்த பெண் இத்தா, அதாவது துக்கம் காத்து, இருக்கிற காலம் அதுதான். உங்களுக்கும் எட்டு, முப்பத்தொன்று, ஆண்டுத் திவசம் என்று இருக்கிறதே. மனம் ஆறக் காலம் வேணும் என்று பழைய ஆட்களுக்கு விளங்கியிருக்கிறது, மாமிக்குத்தான் அவசரம். ஆனால் காலம் போனால் எல்லாம் சரி என்றும் நான் சொல்லமாட்டேன். 2004 சுனாமியில் என் மூத்த பிள்ளை போனது. இரண்டு வருஷம் கழித்தும் நான் கடற்கரைப் பக்கம் போகவில்லை, வேலைக்கும் ஒழுங்காகப் போகவில்லை, அன்றைக்கு நான் கையை விட்டதால்தான் என்று அதையே நினைத்துக்கொண்டு இருந்தேன். பிறகுதான் கிளினிக் போனேன். முதலே போயிருக்கலாம்.

பழைய_நேர்ஸ்:
ஓம் தம்பி, அதற்கு இப்போது நீடித்த துயர நோய் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆறு மாதம் தாண்டியும் அதே கடுமையோடு வாழ்க்கையை மறித்துக்கொண்டு நின்றால், 2022இல் வந்த அமெரிக்க மனநல டொக்டர்மாரின் கையேட்டில் பெரியவர்களுக்கு ஒரு வருஷம். ஆனால் சாகவேணும் என்ற கதை, சாப்பிடாமல் கிடப்பது, குடி இப்படி ஏதாவது இருந்தால் மாதம் எண்ணிக்கொண்டு இருக்கக்கூடாது.

உப்புவெளிப்பிள்ளை:
குடி என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்றிரவு இதையெல்லாம் வாசித்துவிட்டு அம்மாவுக்கு எடுத்து, தம்பி எப்படி என்று முதன்முறையாகக் கேட்டேன். ஒரு மாதமாக இரவில் நித்திரை இல்லையாம், முற்றத்தில் நடக்கிறானாம், ஆட்களோடு கதைப்பதில்லை, வேலைக்குப் போவதையும் விட்டுவிட்டானாம். வாயில் சாராய மணமாம். அன்றைக்கு ஹொஸ்பிட்டலுக்குக் கொண்டுபோக ஓட்டோ பிடிக்கப் பிந்தியது அவன்தானாம், அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறானாம். நான் நாலு மாதமாக அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பழைய_நேர்ஸ்:
வெள்ளி வரை காத்திருக்காதீர்கள், இன்றைக்கே வெளிக்கிடுங்கள். சாகவேணும் போல இருக்கிறதா என்று அவனிடம் நேராகவே கேளுங்கள், கேட்டால் புதிதாக அந்த எண்ணம் வந்துவிடாது. ஓம் என்றால் தனியே விடாமல் உடனே ஹொஸ்பிட்டலுக்குக் கூட்டிப் போங்கள், எந்த நேரமானாலும் பரவாயில்லை. இல்லை என்றாலும் திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் ஒருக்கால் காட்டுங்கள். பஸ்ஸில் வரும்போதே 1926க்கு எடுத்துக் கதைக்கலாம், தேசிய மனநல உதவி இலக்கம், காசு இல்லை, இரவிலும் எடுப்பார்கள். அம்மாவின் இரண்டாவது கோப்பையை அப்படியே விடுங்கள்.

உப்புவெளிப்பிள்ளை:
பஸ்ஸில் ஏறிவிட்டேன். அவனுக்குச் சொல்லவில்லை, அம்மாவுக்கு மட்டும்தான் சொன்னேன்.